இனாமும் ஊதியமும்

உணவகத்தில் உண்டு எழுந்தபின், பரிமாறியவருக்கெனச் சில காசுகளை மேசைமீது வைத்துச் செல்லும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. பேச்சு வழக்கில் 'டிப்ஸ்' எனப்படும் இதனை இனாம் என்பது தமிழ் மரபு. கொடுப்பவர் மனம் உவந்து கொடுப்பதும், கொடாதவரைப் பெறுபவர் குறை கூறாதிருப்பதுமே இனாமின் இலக்கணம். ஆயினும் சில சமுதாயங்களில் அது கொடுத்தே தீரவேண்டிய கடமையாகிவிட்டது. இன்னின்ன விழுக்காடு என்று அளவும் வகுக்கப்பட்டுவிட்டது. கொடை கடமையாக மாறியபோது நேர்ந்தது என்ன? அதனால் நலம் பெற்றவர் யார்? இவ்வினாக்களுக்கு வரலாறு தெளிவாகவே விடை கூறுகின்றது.

மாளிகைகளில் வளர்ந்த வழக்கம்

இங்கிலாந்தில் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பெருமக்களின் மாளிகைக்கு விருந்தினராகச் செல்வோர், விடைபெறும் வேளையில் அவ்வீட்டுப் பணியாளர்களுக்குக் காசு கொடுப்பது வழக்கமாக இருந்தது. 'வேல்ஸ்' என்று அதற்குப் பெயர். வாயிலில் வரிசையாக நிற்கும் பணியாளர் ஒவ்வொருவர் கையிலும் ஏதேனும் வைத்தாக வேண்டும். நாளடைவில் விருந்துண்ணச் செல்வதே பெருஞ்செலவாயிற்று. ஆங்கில எழுத்தாளர் ஜோனாஸ் ஹான்வே 1760ஆம் ஆண்டையொட்டி இவ்வழக்கத்தைக் கண்டித்து எழுதினார். ஸ்காட்லாந்துப் பெருமக்கள் இதனை ஒழிக்கத் தீர்மானித்தனர். பணியாளர்களோ வாளாவிருக்கவில்லை, 1764இல் லண்டன் ரேனலா பூங்காவில் கலகம் விளைத்தனர்.

அக்கலகத்தை நன்றி மறந்தோரின் செயல் என்று அக்காலச் சீமான்கள் கருதியிருக்கக்கூடும். விருந்தினர் தரும் காசை எண்ணியே பணியாளரின் சம்பளம் குறைவாக வைக்கப்பட்டிருந்தது என்பதை நினைவிற்கொண்டால், உண்மை வேறாகத் தோன்றும். இனாம் நின்றபோது அவர்கள் இழந்தது உபரி வருமானத்தை மட்டுமன்று. ஊதியத்தின் ஒரு பகுதியையே இழந்தனர்.

'டிப்ஸ்' என்னும் சொல், விரைந்த சேவைக்கு உறுதி தேடும் ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது என்று ஒரு கதை வழங்குகின்றது. அது பிற்காலக் கற்பனையே. பதினேழாம் நூற்றாண்டின் கள்வர் குழூஉக்குறியில் 'கொடு' என்னும் பொருளில் அச்சொல் வழங்கியதென்பதே அறிஞர் கூற்று.

விடுதலையின் விலை

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிவுற்றபின், ஐரோப்பாவிற்குச் சுற்றுலா சென்று திரும்பிய செல்வர்கள் இவ்வழக்கத்தைத் தம் நாட்டிற் பரப்பினர். பிரபுக்களும் ஏவலரும் என்னும் பாகுபாட்டை ஏற்காத குடியரசுக்கு இது இழுக்கு என்று பலர் எதிர்த்தனர். எனினும் அவ்வழக்கம் அங்கு வேரூன்றுவதற்குரிய நிலமும் அதே காலத்தில் உருவாயிற்று. அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்கள் வேலை தேடி நின்றனர். உணவகங்களும் இரயில் நிறுவனங்களும் அவர்களை மிகக் குறைந்த ஊதியத்தில் அமர்த்திக்கொண்டு, எஞ்சியதைப் பயணிகளிடமும் உண்ண வருவோரிடமும் பெற்றுக்கொள்ளுமாறு விட்டுவிட்டன.

இதற்குப் பெருஞ்சான்று புல்மன் நிறுவனம். ஜார்ஜ் புல்மன் 1867இல் தோற்றுவித்த அந்நிறுவனம் இரயிலில் படுக்கை வண்டிகளை இயக்கியது. அவ்வண்டிகளின் சிப்பந்திகளாகக் கறுப்பினத்தாரே அமர்த்தப்பட்டனர். படுக்கை விரிப்பது, பெட்டி சுமப்பது, இரவெல்லாம் விழித்திருந்து பயணிகளின் காலணிகளுக்கு மெருகிடுவது யாவும் அவர்தம் பணி. மெருகுப் பசையையும் அவர்களே தம் காசில் வாங்கினர். பயணிகள் அவர்களைச் சொந்தப் பெயரால் அழைப்பதில்லை; எல்லாரையும் 'ஜார்ஜ்' என்றே விளித்தனர். அடிமையை எசமானின் பெயரால் அழைத்த பழைய பழக்கத்தின் எச்சம் அது. இனாமை வேண்டி நின்ற சிப்பந்தி அப்பெயருக்கும் புன்னகையோடு செவிசாய்க்க வேண்டியிருந்தது.

இந்நிலை 1915இல் அமெரிக்கத் தொழிலுறவு ஆணையத்தின் விசாரணைக்கு வந்தது. நிறுவனத்தின் சார்பில் சாட்சியம் அளித்தவர் அதன் தலைவர் இராபர்ட் லிங்கன். அடிமைகளுக்கு விடுதலைப் பிரகடனம் தந்த ஆபிரகாம் லிங்கனின் மைந்தர் அவர்! சிப்பந்திகளின் மாத ஊதியம் 27 டாலர் 50 சென்ட் என்பதும், அது வாழ்க்கைக்குப் போதாமையால் பயணிகளின் இனாமே எஞ்சியதை ஈடுசெய்தது என்பதும் அவ்விசாரணையில் வெளிப்பட்டன. தந்தை தளையை அறுத்தார். மைந்தர் தலைமை தாங்கிய நிறுவனமோ விடுதலை பெற்றவர்களின் வழித்தோன்றல்களைப் பயணிகளின் கையை எதிர்பார்த்து நிற்க வைத்தது.

சிப்பந்திகள் 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்தனர். பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்தின்பின், 1937இல் நிறுவனம் அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. மாதத்திற்கு 400 மணி நேரமாக இருந்த வேலை 240 மணியாகக் குறைந்தது, ஊதியம் உயர்ந்தது. பயணிகளின் தாராள மனம் பல்லாண்டுகளாகத் தராததைச் சங்கத்தின் ஒற்றுமை தந்தது.

தடையும் தோல்வியும்

இனாமைச் சட்டத்தால் தடுக்கவும் முயற்சி நடந்தது. வாஷிங்டன் மாநிலம் 1909இல் முதன்முதலாகத் தடை விதித்தது. மிசிசிப்பி, அர்கன்சாஸ், அயோவா, தென் கரோலினா, டென்னசி முதலிய மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. 1926ஆம் ஆண்டிற்குள் இச்சட்டங்கள் யாவும் மறைந்தொழிந்தன. காரணம் விளங்காததன்று. இச்சட்டங்கள் கொடுப்பவர் கையையும் பெறுபவர் கையையும் கட்டினவேயன்றி, முதலாளி தரவேண்டிய ஊதியத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. பள்ளத்தை நிரப்பாமல் அதன்மேலிருந்த பலகையை மட்டும் அகற்றினால் விழுபவர் ஏழையே.

சட்டம் வகுத்த இரட்டை ஊதியம்

அமெரிக்காவில் 1938இல் இயற்றப்பட்ட நியாயத் தொழில் தரச் சட்டம் மணிக்கு 25 சென்ட் என்று குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயித்தது. உணவகத் தொழிலாளரும் விடுதித் தொழிலாளரும் பொதுவாக அதன் பாதுகாப்பிற்குப் புறம்பாகவே விடப்பட்டனர். 1966இல் அவர்களைச் சட்டத்திற்குள் கொணர்ந்தபோது, இனாம் பெறுவோரைப் பொறுத்தவரை குறைந்தபட்ச ஊதியத்தில் பாதிவரை இனாமைக்கொண்டே ஈடுசெய்யலாம் என்று முதலாளிகளுக்குச் சலுகை அளிக்கப்பட்டது. அன்று முதல் இனாம் ஊதியத்திற்கு மேற்பட்டதாக இராமல், சட்டப்படியே ஊதியத்தின் கூறாயிற்று.

அவ்வகையில் முதலாளி தரவேண்டிய தொகை 1991இல் மணிக்கு 2 டாலர் 13 சென்ட்டாக இருந்தது. பொதுக் குறைந்தபட்ச ஊதியம் பின்னர் படிப்படியாக உயர்ந்து 2009இல் 7 டாலர் 25 சென்ட்டை எட்டியது. இனாம் பெறுவோர்க்குரிய தொகையோ 1996ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் அந்த 2 டாலர் 13 சென்ட்டிலேயே உறைந்து நின்றுவிட்டது. இனாமும் சேர்ந்து குறைந்தபட்ச ஊதியத்தை எட்டாவிடில் குறையை முதலாளி நிரப்பவேண்டும் என்று சட்டம் கூறுகின்றது. ஆனால் அதனைக் கேட்டுப் பெறும் துணிவு எத்தனை தொழிலாளிக்கு வாய்க்கும்? கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இவ்வேறுபாட்டை ஏற்காமல், இனாம் பெறுவோர்க்கும் முழு ஊதியம் வழங்கச் செய்துள்ளன. அங்கும் உணவகங்கள் நடந்தே வருகின்றன.

மறுதரப்பின் நியாயம்

இனாம் இருந்தால்தான் பரிமாறுவோர் கருத்தோடு பணியாற்றுவர் என்பது மறுதரப்பார் வாதம். கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் லின் இத்துறையில் நெடுங்காலம் ஆய்ந்தவர். சேவையின் தரத்திற்கும் இனாமின் அளவிற்கும் உள்ள தொடர்பு மிக மெலிந்தது என்பதே அவர்தம் ஆய்வுகளின் முடிவு. வழக்கம் கருதியே பெரும்பாலோர் கொடுக்கின்றனர்.

மற்றொரு வாதத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிட இயலாது. நல்ல உணவகங்களில் பணியாற்றும் பலர் இனாமால் மிகுந்த வருமானம் பெறுகின்றனர். அவர்களே மாற்றத்தை எதிர்க்கின்றனர். மேய்ன் மாநில மக்கள் 2016இல் வாக்களித்து இரட்டை ஊதிய முறையை நீக்க முடிவு செய்தபோது, பரிமாறுவோர் பலர் எதிர்த்துக் குரல் எழுப்ப, 2017இல் சட்டமன்றம் பழைய முறையை மீட்டது. நியூயார்க்கின் புகழ்பெற்ற உணவக அதிபர் டேனி மேயர் 2015இல் தம் உணவகங்களில் இனாமை ஒழித்து விலைகளை உயர்த்தினார். 2020இல் அவரும் பழைய வழிக்கே திரும்பினார். அண்டையில் உள்ளோர் மாறாதபோது ஒருவர் மட்டும் மாறுவது அரிது. பொதுச் சட்டத்தால் ஆகவேண்டியதைத் தனியொருவர் நல்லெண்ணத்தால் முடிக்க இயலாதென்பதே இதன் பாடம்.

மலேசிய விடுதிகளின் வழக்கு

கடல் கடந்த நாட்டின் கதை என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. மலேசியப் பெரு விடுதிகளில் தனி இனாமுக்கு மாற்றாக, 10 விழுக்காட்டுச் சேவைக் கட்டணம் விலைச்சீட்டிலேயே சேர்க்கப்பட்டு வந்தது. சங்கத்தோடு செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தங்களின்படி அத்தொகை புள்ளி முறையில் சிப்பந்திகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவர்தம் அடிப்படைச் சம்பளமோ சில நூறு வெள்ளியாகவே தங்கிற்று.

2013ஆம் ஆண்டு தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவிற்கு 900 வெள்ளி, சபா சரவாக்கிற்கு 800 வெள்ளி என்று குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது, சில விடுதிகள் சேவைக் கட்டணத்தைக்கொண்டே அத்தொகையை நிரப்ப முனைந்தன. ஒரு பையிலிருந்ததை மறுபைக்கு மாற்றி, சம்பளம் உயர்ந்தது என்று கணக்குக் காட்டுவது போன்ற செயல் இது. விடுதித் தொழிலாளர் சங்கம் வழக்காடியது. சேவைக் கட்டணம் வாடிக்கையாளர் சிப்பந்திகளுக்கெனச் செலுத்துவது, அதனைக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பப் பயன்படுத்தலாகாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. பிரிட்டனும் 2009இல் இனாமைக் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் சேர்ப்பதைத் தடுத்து, 2024 அக்டோபர் முதல் இனாம் முழுவதையும் தொழிலாளருக்கே சேர்ப்பிக்கவேண்டும் என்று விதித்துள்ளது.

தினக்கூலிக்கும் நிலையான மாதச் சம்பளத்திற்கும் உள்ள வேறுபாட்டைத் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. மழை பெய்தால் பால்மரம் வெட்ட இயலாத நாளின் கவலையும், வாடிக்கையாளர் வராத நாளில் பரிமாறுவோர்க்கு உண்டாகும் கவலையும் ஓரினத்தவையே.

வரலாறு தரும் தீர்ப்பு

இனாம் சமுதாயத்தின் எதிர்பார்ப்பாக வேண்டுமா என்னும் வினாவிற்கு விடை இவற்றுள்ளேயே இருக்கின்றது. எங்கெல்லாம் அது எதிர்பார்ப்பாயிற்றோ, அங்கெல்லாம் ஊதியம் அதற்கேற்பச் சுருங்கிற்று. முதலாளியின் கடன் வாடிக்கையாளரின் தலையில் ஏறிற்று. தொழிலாளி தன் உரிமையை இன்முகம் காட்டிப் பெறவேண்டியவரானார்.

அதற்காக, 2 டாலர் 13 சென்ட் வழங்கும் ஊரில் உண்டுவிட்டு, கொள்கை பேசி இனாமை மறுப்பது நீதியாகாது. அங்கு மறுக்கப்படுவது பரிமாறியவரின் கூலி. முதலாளிக்கு அதனால் இழப்பில்லை. அத்தகைய இடத்தில் கொடுப்பதும் கடமை, சட்டம் மாறவேண்டும் என்று குரல் கொடுப்பதும் கடமை. அவ்வழக்கம் இன்னும் வேரூன்றாத நாடுகளிலோ, அதனை வளரவிடாது காத்து, சம்பளச் சட்டத்தை வலுப்படுத்துவதே அறிவுடைமை. முழு ஊதியம் பெற்று நிமிர்ந்து நிற்கும் ஒருவருக்கு மனம் மகிழ்ந்து கொடுக்கும் ஒரு வெள்ளியே இனாம் என்னும் பெயருக்கு உரியது.