தரங்கம்பாடிப் பள்ளியும் மாத்தளை வீதியும்

கலைப் பிரிவில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் வேலை கேட்டுத் தெருவில் அமரும் போதெல்லாம், அப்படிப்பே நாட்டுக்கு வேண்டாத சுமை என்னும் வாதம் புத்துயிர் பெற்றுவிடுகிறது. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் வீதியில், அக்குறணையை அடுத்திருக்கும் அலவத்துகொடவில் வாழும் நாமும் இவ்வாதத்தை நாள்தோறும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். விஞ்ஞான ஆய்வுகூடமும் கணித ஆசிரியரும் வாய்க்காத பாடசாலையிலிருந்து வரும் பிள்ளைக்குக் கலைப் பிரிவைத் தவிர வேறு வாசல் எது? அதையும் அடைத்துவிடலாம் என்று சொல்பவர்கள், பெரும்பாலும் தம் பிள்ளைகளுக்கு வேறு வாசல்களைத் திறந்து வைத்திருப்பவர்களே என்பதையும் நாம் கண்டு வருகிறோம்.

மொழி, வரலாறு, புவியியல், தருக்கம், வானநூல் ஆகியவற்றை ஒரே மாணவன் ஒருங்கே கற்கவேண்டும் என்னும் பாடவிதானம் தமிழரிடையே எவ்வாறு வந்தது? வந்தபோது யார் வகுப்பினுள் அமர்ந்தனர், யார் வெளியே நின்றனர்? இக்கேள்விகளுக்கு விடை தேடுவோர் தரங்கம்பாடிக்குச் சென்றேயாக வேண்டும்.

1706 ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்குவும் புளூட்சோவும் அங்கே கரையிறங்கினர். டென்மார்க்கு மன்னனால் அனுப்பப்பட்ட லுத்தரன் சபைக் குருமார் அவர்கள். அவர்களுடைய கல்வி நோக்கு இரண்டு நூற்றாண்டு முந்திய ஜெர்மனியில் வேர்கொண்டது. நகரசபைகள் யாவும் பள்ளிகளை நிறுவவேண்டும், ஆண்மக்களும் பெண்மக்களும் மொழியும் வரலாறும் கற்கவேண்டும் என்று மார்ட்டின் லுத்தர் 1524இல் அறைகூவினார். பிற்காலத்தில் லுத்தரன் சபையார் குடியேறிய இடங்களில் எல்லாம் கலைக்கல்லூரிகள் தோன்றியமைக்கும் இந்நோக்கே காரணம். அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் (1832), விட்டன்பர்க் (1845), செயின்ட் ஓலாவ் (1874) ஆகிய கல்லூரிகள் இம்மரபில் வந்தவையே. ஆனால் பள்ளி வேண்டும் என்று எழுதிய அதே கைதான், மறு ஆண்டில் குடியானவர் கிளர்ந்தெழுந்தபோது அவர்களை ஈவிரக்கமின்றி வெட்டி வீழ்த்துமாறு பிரபுக்களுக்கு எழுதியது. ஏங்கெல்ஸின் நூலைப் படித்த நண்பர்களுக்கு இது புதிய செய்தியன்று. எழுத்தறிவைப் பொதுவாக்க முனைந்த இயக்கம் நிலவுடைமையைத் தொடத் துணியவில்லை என்னும் இம்முரண்பாடு கடல் கடந்து தரங்கம்பாடிக்கும் வந்து சேர்ந்தது.

சீகன்பால்கு திண்ணைப்பள்ளிச் சிறுவர்களோடு மணலில் எழுதித் தமிழ் படித்தவர். 1707இல் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தார். 1708இலேயே நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அச்சகம் வந்தது, 1713இல் தமிழ் நூல்கள் வெளிவரலாயின, 1716இல் ஆசிரியர்களையும் உபதேசிமாரையும் பயிற்றும் கலாசாலை ஒன்றும் தொடங்கப்பட்டது. படிப்பித்தவர்கள் மதமாற்றத்தையே நோக்கமாகக் கொண்டிருந்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஊர்ப் பிள்ளையின் தாய்மொழியே பாடமொழியாக வேண்டும் என்பதில் அவர்கள் காட்டிய உறுதியை, பின்வந்த ஆங்கில அதிகாரிகளிடம் நாம் காண முடியவில்லை.

இந்த அறிவு வேட்கைக்கு எல்லை வகுத்தவர்கள் தமிழர்கள் அல்லர். தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் சீகன்பால்கு எழுதி முடித்த பெருநூலை ஹாலே நகரத்து மேலாளர்கள் அச்சேற்ற மறுத்தனர். புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது பிராங்கேயின் எண்ணம். அக்கையெழுத்துப்படி 1867இல்தான் சென்னையில் அச்சாயிற்று.

இதைவிட ஆழமாக நம்மை உறுத்துவது இன்னொரு செய்தி. இராஜநாயக்கன் என்பவர் தஞ்சைப் படையில் பணியாற்றியவர், பறையர் குலத்தவர். தரங்கம்பாடியில் அச்சான வேதப்பகுதியைத் தாமே படித்துச் சபையை நாடி வந்தவர். எதிர்ப்புகளுக்கு இடையே ஊர் ஊராகச் சென்று உழைத்தவர். 1733இல் ஆரோன் என்னும் வேளாளர் முதல் தமிழ் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். அடுத்து யார் என்ற கேள்வி எழுந்தபோது இராஜநாயக்கனின் பெயர் அடிபட்டது. ஆயினும் 1741இல் அப்பதவி தியோகு என்பவருக்குப் போயிற்று. இராஜநாயக்கனின் தகுதியை மிஷனரிமார் ஐயுறவில்லை. அவர் கையால் நற்கருணை வாங்க வேளாளக் கிறிஸ்தவர்கள் இசையமாட்டார்கள் என்றே அஞ்சினர். படிக்கக் கற்றுக்கொடுத்த கலாசாலை, படித்தவனை வாசற்படியிலேயே நிறுத்தி வைத்தது. கோயிலினுள்ளும் சாதிவாரியாக இடம் பிரிக்கப்பட்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொறுப்பேற்ற லைப்சிக் மிஷனும் இவ்வழக்கத்தோடு மோதாமல் விட்டுக்கொடுத்தே நடந்தது.

தஞ்சையில் சுவார்ட்சு ஐயர் வளர்த்த வேதநாயக சாஸ்திரியார் (பிறப்பு 1774) இம்முரண்பாட்டின் உருவமே எனலாம். அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி நமக்கு வியப்பூட்டும் நூல். மலைவளமும் நாட்டுவளமும் பாடும் குறத்தியின் மரபை எடுத்துக்கொண்டு, உலகப் புவியியலையும், சூரியனைச் சுற்றிக் கோள்கள் வரும் புதிய வானநூலையும் அதற்குள் புகுத்திவிட்டார். மேலைநாட்டு விஞ்ஞானத்தைத் தமிழ் நாட்டார் வடிவத்தில் பாடிக் கேட்கச் செய்த இம்முயற்சிக்கு நிகரானது அக்காலத்தில் அரிது. அதே சாஸ்திரியார்தான், புதிதாக வந்த ஆங்கில மிஷனரிமார் சாதிவாரி இருக்கையை ஒழிக்க முற்பட்டபோது, 1820களில் அதை எதிர்த்து எழுதினார். பூமி சுழல்கிறது என்று ஏற்றுக்கொண்ட அறிவு, பந்தி மாறலாம் என்பதை ஏற்கவில்லை. பாடவிதானம் விரிந்ததாக இருந்தால் மட்டும் போதும் என்று நம்பும் நம் ஆசிரிய நண்பர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திப்பது நல்லது.

இனி நம் வீதிக்கு வருவோம். சுவார்ட்சும் சலிவனும் 1780களில் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிகளில் மேற்குலத்துப் பிள்ளைகளே பெரும்பாலும் அமர்ந்தனர். அவர்களுக்குக் கம்பனியின் கச்சேரிகள் காத்திருந்தன. இதே மாவட்டங்களின் பள்ளரும் பறையரும் சக்கிலியரும், அடுத்த தலைமுறைகளில் பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டு, கங்காணியின் பின்னே மன்னார்க் கரையில் இறங்கினர். காடுகளைக் கடந்து, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிச் சீமைக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தனர். வாந்திபேதியிலும் பசியிலும் விழுந்தவர்கள் வழியோரத்திலேயே கிடந்தனர். அலவத்துகொடவைக் கடந்து செல்லும் மாத்தளை வீதி, அவர்கள் நடந்த அந்த வடபாதையின் தொடர்ச்சிதான். சீகன்பால்குவின் நூல் சென்னையில் அச்சேறிய 1867இல்தான் கண்டிக்கு ரயில் வந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டதும் அவ்வாண்டிலேயே.

லயத்துப் பிள்ளைக்கும் கல்வி உண்டென்று சட்டம் சொல்ல 1907 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அச்சட்டமும் ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை தாய்மொழியில் எழுத்தறிவு தந்தால் போதும் என்றது. பத்து வயதுக்குப் பின் கொழுந்துக்கூடை! 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி பாலர் வகுப்பு முதல் சர்வகலாசாலை வரை கட்டணத்தை நீக்கியது. தோட்டப் பள்ளிகளோ அதற்கு வெளியே நின்றன. 1948இல் அம்மக்களின் குடியுரிமையும் பறிபோயிற்று. 1970களின் பிற்பகுதியிலேதான் அரசு அப்பள்ளிகளை ஏற்கத் தொடங்கியது. பேராதனையில் சர்வகலாசாலை வந்து அப்போது கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.

ஆயினும் பேராதனையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1960 அளவில் கலைப் பாடங்கள் தாய்மொழியில் கற்பிக்கப்பட்டதும், ஆங்கிலம் அறியாத கிராமத்துப் பிள்ளைகள் முதன்முறையாக அங்கே பெருவாரியாக நுழைந்தனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மேடையேற்றியது—1962இல் 'கர்ணன் போர்', பின்னர் 'இராவணேசன்'—இதே கலைப்பீடத்திலிருந்துதான். கலைப் பிரிவு பயனற்றது என்ற கூச்சல், கலைப் பிரிவு சாதாரண மக்களின் பிள்ளைகளுக்குத் திறந்த பிறகே ஓங்கி ஒலிக்கலாயிற்று என்பது தற்செயலானதா?

அக்கூச்சல் புதியதும் அன்று. 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் நிறுவிய கலாசாலை லுத்தரன் சபையைச் சேர்ந்ததன்று. ஆனால் அதன் பாடவிதானம் தரங்கம்பாடி கண்ட கனவைவிடவும் விரிந்தது. தமிழிலக்கணம், ஆங்கிலம், கணிதம், இயற்கை விஞ்ஞானம், வானநூல் எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன. 1829இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கணிப்பில் ஊர்ப் பஞ்சாங்கம் தவற, அதிபர் பூவரின் கணக்கு சரியாயிற்று; ஊரே கூடிப் பார்த்தது. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாயினர். அவர்கள் பட்டம் பெறுவதற்கு இரண்டாண்டு முன்னரே, 1855இல், பொஸ்டனிலிருந்து வந்த தூதுக்குழு அக்கலாசாலையை மூடிவிட்டது. அங்கே படிப்பவர்கள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகம் தேடிப் போகிறார்கள் என்பதே சொல்லப்பட்ட காரணம். உத்தியோகத்தைத் தவிர வேறு எதையும் படித்தவனுக்கு வைத்திராத குடியேற்ற ஆட்சியைக் குழு குறை கூறவில்லை. படிப்பைக் குறை கூறிற்று. மூடிய கதவை மறுபடி திறக்குமாறு பழைய மாணவரும் ஊராரும் விடாது வற்புறுத்தினர். 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது.