ஸனாபாத் என்னும் சிற்றூர்

ஹைதராபாத்திலும் அகமதாபாத்திலும் பரீதாபாத்திலும் வாழும் தமிழர் நாள்தோறும் முகவரியில் எழுதும் 'ஆபாத்' என்னும் ஈறு பாரசீக மொழிக்கு உரியது. மக்கள் குடியேறிப் பயிர் செய்து வளம்பெற்ற இடம் என்பது அதன் பொருள். நம் நாட்டுப் 'பட்டி', 'பாக்கம்' போல, ஈரானின் சிற்றூர்ப் பெயர்களில் அது மலிந்து கிடக்கிறது. அவ்வாறு பெயர் பெற்ற ஊர்களுள் ஒன்று, வடகிழக்கே கொராசானில், தூஸ் வட்டாரத்து வயல்களிடையே இருந்த ஸனாபாத். இன்று அவ்வூர் இல்லை. படையோ பஞ்சமோ அதனை அழிக்கவில்லை. இரண்டு கல்லறைகள் அதனை விழுங்கிவிட்டன.

ஆயிரத்தோரு இரவுக் கதைகளில் மாறுவேடம் பூண்டு பாக்தாத் நகரத் தெருக்களில் உலாவும் கலீபா ஹாரூன் அல் ரஷீதை நேயர்கள் அறிவார்கள். அவர் வரலாற்றின் இறுதி ஏடு கதைகளில் இடம் பெறுவதில்லை. சமர்கந்தில் எழுந்த கிளர்ச்சியை அடக்க 808-ஆம் ஆண்டில் நோயுற்ற உடலோடு அவர் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். தூஸ் வட்டாரத்தை அடைந்ததும் மேலே செல்ல இயலவில்லை. கொராசானின் முன்னாள் ஆளுநர் ஹுமைத் இப்ன் கஹ்தபாவின் மாளிகை ஸனாபாத்தில் இருந்தது. அங்கே தங்கிய கலீபா, தமக்குரிய குழியைத் தாம் உயிரோடு இருக்கும்போதே வெட்டச் செய்து, பல்லக்கில் கிடந்தவாறே அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தபரி எழுதுகிறார். 809 மார்ச்சில் அக்குழியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பின்னர் அவர் மக்கள் அமீனும் மாமூனும் அரசுரிமைக்குப் போரிட்டனர். 813-இல் அமீன் கொல்லப்பட்டார், மாமூன் கலீபாவானார். அவர் செய்த ஒரு செயல் பேரரசையே திகைக்க வைத்தது. 817-இல், நபிகள் நாயகத்தின் வழித்தோன்றலும் ஷியாக்களின் எட்டாம் இமாமுமான அலீ அர்-ரிளாவைத் தம் வாரிசாக அறிவித்தார். அப்பாசியரின் கறுப்பு நிறத்தை விடுத்துப் பச்சை உடுத்தவும் ஆணையிட்டார். பாக்தாத் கொதித்தெழுந்து வேறொரு கலீபாவை நிறுத்திக்கொண்டது. அந்நகரை மீட்க மாமூன் இமாமையும் உடன் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். 818-இல் தூஸ் வட்டாரத்தில் இமாம் திடீரென இறந்தார். திராட்சையில் நஞ்சு கலந்து கொடுக்கப்பட்டது என்பது ஷியாக்களின் உறுதியான நம்பிக்கை; வரலாற்றாசிரியர் இதில் ஒருமைப்படவில்லை. மாமூன் அவரைத் தம் தந்தையின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்வித்தார்.

இங்கே ஒன்றை நினைவுகூர வேண்டும். இமாமின் தந்தை மூஸா அல்-காளிம் 799-இல் இறந்தது ஹாரூனின் சிறையிலே. சிறையில் மாண்டவரின் மகனும் சிறையிட்ட மன்னனும் ஒரே கூரையின்கீழ் உறங்கும்படி நேர்ந்தது. மாமூன் இதனை மரியாதையாகவே கருதியிருக்கலாம். அங்கு வந்த அடியார்கள் அவ்வாறு கருதவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் அங்குச் சென்ற இப்ன் பதூதா, ஷியா யாத்திரிகர் உள்ளே நுழைந்ததும் ஹாரூனின் கல்லறையைக் காலால் உதைத்துவிட்டு இமாமுக்கு வணக்கம் செலுத்துவர் என்று குறித்திருக்கிறார்.

அடியார் கூட்டம் பெருகப் பெருக ஊரின் பெயரும் மாறியது. 'மஷ்ஹத்' என்றால் உயிர்த்தியாகம் நிகழ்ந்த இடம். வடநாட்டில் வாழ்வோர் அடிக்கடி கேட்கும் 'ஷஹீத்' என்னும் சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்ததே. தமிழில் இவ்விரண்டுக்கும் ஒரே வேரிலிருந்து சொல் அமைப்பது எளிதன்று. 1389-இல் தைமூரின் மகன் மீரான் ஷா தூஸ் நகரை அழித்தபோது, உயிர் பிழைத்தவர்கள் இமாமின் சமாதியைச் சுற்றிக் குடியேறினர். அதன்பின் தூஸ் தலையெடுக்கவில்லை. 1404-இல் இவ்வழியே சென்ற ஸ்பானியத் தூதர் கிளாவிஹோ, கிறித்தவராயினும், சமாதியைக் காண இசைவு பெற்றார். அச்செய்தி பரவியதும் பாரசீகத்தின் பிற ஊர்மக்கள் வந்து தூதுக்குழுவினரின் ஆடை நுனியை முத்தமிட்டனராம்! 1418-இல் தைமூரின் மருமகள் கௌஹர் ஷாத் அங்கே எழுப்பிய மசூதி இன்றும் நிற்கிறது. 1739-இல் டில்லியைச் சூறையாடிய நாதிர் ஷாவும் அந்நகரையே தலைநகராகக் கொண்டிருந்தார், அங்கேயே அடக்கமானார்.

2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மஷ்ஹத்தின் மக்கள்தொகை 30 இலட்சம். ஈரானில் டெஹ்ரானுக்கு அடுத்த பெருநகரம் அது. பொற்கூரையின்கீழ் இமாமின் சமாதியை நாடி இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். ஹாரூனின் கல்லறைக்கு அங்கே அடையாளம் எதுவும் இல்லை. ஸனாபாத் என்னும் பெயரை நகரத் தெரு ஒன்று தாங்கி நிற்கிறது.