கிடைத்தும் பயன்படாத துறைமுகம் - 1944ல் கனடா வீரர்கள் செய்த வேலை

இரண்டாம் உலகப் போர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஹிட்லர், சர்ச்சில், ஹிரோஷிமா. கொஞ்சம் ஹாலிவுட் படம் பார்ப்பவர் என்றால் நார்மண்டி. கனடா யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் அப்போது சுமார் 1.1 கோடி பேர் மட்டுமே இருந்த அந்த நாட்டில், 10 லட்சத்துக்கும் மேல் ராணுவத்தில் சேர்ந்தார்கள். 45,000க்கும் மேற்பட்டோர் திரும்பி வரவே இல்லை.

அவர்கள் சண்டை போட்ட இடங்களில் ஒன்றை மட்டும் இங்கே பார்ப்போம். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஏனென்றால், இது சரக்குப் போக்குவரத்துக்காக நடந்த சண்டை!

1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கின. ஆகஸ்ட் முடிவதற்குள் வேகமாக முன்னேறிவிட்டன. பிரச்சனை என்னவென்றால், பெட்ரோல், குண்டு, சாப்பாடு எல்லாம் இன்னும் நார்மண்டி பக்கமிருந்தே வரவேண்டும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லாரிப் பயணம். லாரிகளே ஏகப்பட்ட பெட்ரோலைக் குடித்தன. படை முன்னேற முன்னேற, ஒரு டன் சரக்கைக் கொண்டு சேர்க்கும் செலவும் ஏறிக்கொண்டே போனது.

இதற்குத் தீர்வு பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகம். செப்டம்பர் 4 அன்று பிரிட்டிஷ் படை அதைப் பிடித்தது. கிரேன், கப்பல்துறை எல்லாம் பெரும்பாலும் சேதமில்லாமல் கிடைத்தன. ஆனால் ஆண்ட்வெர்ப் கடற்கரையில் இல்லை. ஸ்கெல்ட் நதி வழியாக சுமார் 80 கி.மீ. உள்ளே வரவேண்டும். நதி முகத்துவாரத்தின் இரு கரையும் ஜெர்மானியர் கையில்! கடை கிடைத்துவிட்டது, கடைக்கு வரும் தெரு எதிரி வசம் என்ற கதை.

உடனே அந்தக் கரைகளைப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் தளபதி மாண்ட்கோமரியின் கவனம் 'மார்க்கெட் கார்டன்' தாக்குதலில் இருந்தது. செப்டம்பர் 17ல் தொடங்கிய அது தோற்றது. இதற்குள் ஜெர்மனியின் 15வது படையைச் சேர்ந்த 80,000க்கும் மேற்பட்டோர் நதியைக் கடந்து தப்பிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் நன்றாகக் காலூன்றிக்கொண்டார்கள்.

கடைசியில் அந்த வேலை முதலாவது கனடியப் படையின் தலையில் விழுந்தது. தளபதி கிரீரர் உடல்நலமில்லாமல் போக, கை சைமண்ட்ஸ் பொறுப்பேற்றார். அக்டோபரில் சண்டை ஆரம்பம். அந்த நிலமெல்லாம் கடலைத் தடுத்து அணை கட்டி மீட்ட தாழ்வான வயல்கள். அணையை உடைத்தால் போதும், எல்லாம் தண்ணீர்! வீரர்கள் வாரக்கணக்கில் சேற்றிலும் குளிரிலும் நகர்ந்தார்கள். அக்டோபர் 13 அன்று வூன்ஸ்ட்ரெக்ட் அருகே 'பிளாக் வாட்ச்' என்ற ஒரே பட்டாலியனில் 145 பேர் இறந்தோ காயமடைந்தோ போனார்கள். வால்கெரன் தீவுக்குத் தரைவழியாகப் போக, ஒரு கி.மீ.க்கு மேல் நீளமான, ஒதுங்க இடமே இல்லாத மண்கரை ஒன்றுதான் வழி.

நவம்பர் 8ல் சண்டை ஓய்ந்தது. இந்தப் படையில் பிரிட்டிஷ், போலந்து வீரர்களும் இருந்தார்கள். மொத்த இழப்பு, இறந்தவர், காயமடைந்தவர், காணாமல் போனவர் சேர்த்து 12,873. அதில் 6,367 பேர் கனடியர்கள்.

இந்த இழப்பு கனடாவின் அரசியலையே ஆட்டியது. விருப்பப்பட்டவர்களை மட்டும்தான் வெளிநாட்டுப் போருக்கு அனுப்புவது என்றிருந்தார் பிரதமர் மெக்கென்சி கிங். காலாட்படைக்கு ஆள் போதவில்லை. பாதுகாப்பு அமைச்சர் ரால்ஸ்டன் பதவி விலக நேர்ந்தது. நவம்பர் முடிவதற்குள், கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களில் 16,000 பேரை அனுப்ப அரசு ஒப்புக்கொண்டது. கியூபெக்கின் பிரெஞ்சு மக்களிடம் இதனால் எழுந்த கோபம் லேசில் தணியவில்லை.

நதியில் கண்ணிவெடிகளை அகற்றியபின், நவம்பர் 28 அன்று முதல் கப்பல் வரிசை ஆண்ட்வெர்ப் வந்தது. முன்னால் வந்த 'ஃபோர்ட் கேட்டராக்கி' கனடாவில் கட்டிய கப்பல். ஆனால் அன்றைய வரவேற்பு விழாவுக்குக் கனடியப் படையிலிருந்து யாரையும் அழைக்கவில்லை!

பிற்பாடு தன் நினைவுக் குறிப்புகளில், ஆண்ட்வெர்ப் விஷயத்தில் தவறு செய்துவிட்டதாக மாண்ட்கோமரியே ஒப்புக்கொண்டார். செப்டம்பரில் சில நாட்களைச் செலவிட்டிருந்தால் இந்த 12,873 எவ்வளவு குறைந்திருக்கும்? யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. ஆனால் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு என்பதும், முடிவெடுத்தவர் அந்த விலையைக் கொடுக்கவில்லை என்பதும் தெளிவு. கொடுத்தவர்களில் பலர் இன்றும் பெர்கன்-ஒப்-ஸூம், ஆடெகெம் கல்லறைகளில்தான் இருக்கிறார்கள்.