சங்கத்தின் படங்கள்: இருந்தவையும் இழந்தவையும்

நூற்றாண்டு மலருக்காகப் படங்களைத் தேடத் தொடங்கியபோது, ஆரம்ப காலப் படங்கள்தாம் கிடைப்பதற்கு அரிதாயிருக்கும் என்று நாம் எண்ணியிருந்தோம். நடந்ததோ வேறு. எமது பாட்டிமார் காலத்துக் குழுப்படங்கள் அதிபர் அறை அலுமாரியிலிருந்தும் மூத்த சகோதரிகளின் பெட்டிகளிலிருந்தும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஆனால் 2003 முதல் 2009 வரையான ஏழு ஆண்டுகளுக்குப் பாடசாலையில் ஒரு படமேனும் இல்லை. அண்மைக் காலமே காணாமற் போயிருந்தது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதையும் எமது சங்க வரலாற்றின் ஒரு பகுதியாகப் பதிந்து வைக்க விரும்புகிறோம்.

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839 இல். இலங்கைக்கும் அது விரைவிலேயே வந்தது. புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் 1875 இல் இங்கு குடியேறி 1879 இல் இங்கேயே மறைந்தார். கொழும்பில் பிளேட் நிறுவனம் 1890 இல் தொடங்கியது. எமது கரைக்குப் படம் என்பது வருடத்தில் ஒரு நாள். ஸ்டூடியோக்காரர் முக்காலியோடும் கறுப்புத் துணியோடும் வருவார். வாங்கு போட்டு வரிசை பிரித்து நிறுத்துவதற்கே ஒரு பாடவேளை போய்விடும். அக்காலக் கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்குவது வெள்ளியின் நுண்துகள். பின்னர் வந்த வர்ணப் படத்தில் அது வெறும் சாயம். அதனாற்றான் எழுபது, எண்பதுகளின் அல்பங்கள் சிவந்து மங்கிக் கிடக்க, அவற்றுக்கு முந்தியவை தெளிவாக நிற்கின்றன. எனினும் களப்பின் ஈரமும் உப்புக் காற்றும் இரண்டையும் விடவில்லை. கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போனவை சில. பூஞ்சணம் தின்றவை பல.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் இருந்தோருக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியோர் பலர். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலானோருக்குப் புத்தளம் மாவட்டமே அடுத்த ஊராயிற்று. கையில் எடுத்து வந்த பொருட்களுக்குள் அல்பம் இருந்தது வெகு சிலருக்கே. அந்தப் பிள்ளைகளிற் சிலர் எமது வகுப்புகளில் வந்து அமர்ந்தனர். 1991 ஆம் ஆண்டு வகுப்புப் படத்தைப் பார்த்த ஒரு சகோதரி, தன் சிறுபராயத்துக்குத் தன்னிடம் உள்ள ஒரே படம் அதுதான் என்றார். அன்று முதல் இந்தப் பணி எமக்கு வெறும் மலர் வேலையாக இருக்கவில்லை.

இனி அந்த ஏழு ஆண்டுகள். 1975 இல் கொடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த முதலாவது எண்ணிமக் கமரா, ஒரு படத்தைக் கசெட் நாடாவில் பதிய 23 விநாடி எடுத்தது. எமது பாடசாலைக்கு அவ்வகைக் கமரா 2003 இல் வந்தது. பிலிம் செலவு இல்லை என்பதால் ஒரு விளையாட்டுப் போட்டிக்கே நூற்றுக்கணக்கில் படம் எடுத்தோம். ஒன்றையேனும் கழுவி எடுத்து அல்பத்தில் ஒட்டவில்லை. எல்லாம் ஒரே கணினியில் இருந்தன. அதன் வன்தட்டு பழுதானபோது, திருத்தக் கொடுத்த இடத்தில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கித் தந்தார்கள். முன்கூட்டிச் சொல்லாதது எமது பிழை. பிரதியென்று இருந்த இறுவட்டுகள் களஞ்சிய அறையின் ஈரத்தில் கிடந்து, எந்தக் கணினியிலும் திறக்க மறுத்தன.

மீட்டுத் தந்தவர்கள் ஊரை விட்டுப் போன சகோதரிகளே. தோஹாவிலும் லண்டனிலும் இருந்தோர், விடைபெறும்போது தோழியரிடம் வாங்கிச் சென்ற இறுவட்டுகளைத் தேடி எடுத்து அனுப்பினர். ஏறத்தாழ முந்நூறு படங்கள் திரும்பின. 1990களின் இறுதியில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக நூலகத்தார் தொடங்கிய திட்டமொன்றின் பெயரே 'பல பிரதிகள் இருந்தால் பொருள் பத்திரம்' என்ற கருத்துடையது. இதை எம்மவருக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இன்று ஈழத்து நூல்களோடு பாடசாலை மலர்களையும் பாதுகாத்து வருகிறது.

நாம் கைக்கொண்ட முறை எளியது. புகைப்படக் கலைஞர் பீற்றர் குரோக் பரப்பிய 3-2-1 என்னும் விதிதான் அது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறோர் ஊரில். ஒரு வன்தட்டு பாடசாலையில், இன்னொன்று கொழும்பில், மூன்றாவது பிரதி இணையச் சேமிப்பில். வருடத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் அமர்ந்து படங்களைத் திறந்து பார்க்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தட்டுக்கு மாற்றத் தீர்மானித்துள்ளோம். கோப்பின் பெயரிலேயே ஆண்டும் நிகழ்ச்சியும் இருக்கும்.

பாதுகாப்பது வேறு, வெளியிடுவது வேறு என்பதையும் கற்றோம். தம் படம் பலர் பார்வைக்கு வருவதை விரும்பாத சகோதரிகள் உள்ளனர். அவர்களின் படங்கள் பேழையில் இருக்கும்; இம்மலரில் இல்லை. சொன்னால் போதும், காரணம் கேட்கமாட்டோம்.

சகோதரிகளே, உங்களிடம் படம் இருந்தால் அதன் பின்புறத்தில் பென்சிலால் ஆண்டையும் பெயர்களையும் எழுதுங்கள். பேனை மை மறுபுறம் ஊறிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அன்றி ஆவணமாக அனுப்புங்கள்; படமாக வந்தால் தரம் சுருங்கிவிடுகிறது. பெயரில்லாத படம் பாதிப் படம். 1991 இன் அந்த வகுப்புப் படத்தில், மூன்றாம் வரிசையில் இடமிருந்து நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் நிற்கும் இருவரின் பெயர் எமக்கு இன்னும் தெரியவில்லை. அவர்களிடமும் வேறு படம் இல்லாமல் இருக்கலாம். அடையாளம் கண்டவர் உடனே அறியத்தாருங்கள். பிரதி தயாராக உள்ளது.