லாவ் வழக்கு: தீர்ப்பு சொன்னதும் சொல்லாததும்

புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளின் கல்வி பற்றிய உரைகளில், அமெரிக்காவின் 'லாவ் எதிர் நிக்கோல்ஸ்' வழக்கைத் தாய்மொழிக் கல்விக்குக் கிடைத்த வெற்றியாகச் சுட்டுவது வழக்கமாகிவிட்டது. தீர்ப்பை முழுமையாகப் படித்தவர் அவ்வாறு சொல்லத் தயங்குவார். அது நீண்ட தீர்ப்பும் அன்று.

1971-இல் நீதிமன்ற ஆணைப்படி சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் இனப் பிரிவினையை நீக்கும் பணி தொடங்கியது. ஆங்கிலம் அறியாத சீன வம்சாவளி மாணவர்கள் அங்கு 2,856 பேர் இருந்தனர். ஏறத்தாழ 1,000 பேருக்கு ஆங்கிலத் துணைப்பயிற்சி கிடைத்தது. எஞ்சிய ஏறத்தாழ 1,800 பேர் புரியாத மொழியில் நடக்கும் வகுப்பில் வெறுமனே அமர்ந்திருந்தனர். ஆங்கிலத் தேர்ச்சி இல்லாதவருக்கு உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழ் இல்லை என்பது அன்றைய கலிபோர்னியச் சட்டம்.

அம்மாணவர்கள் சார்பில் தொடுத்த வழக்கு கீழ் நீதிமன்றங்கள் இரண்டிலும் தோற்றது. ஒவ்வொரு மாணவரும் வெவ்வேறு அனுகூலங்களோடும் குறைகளோடும் பள்ளிக்கு வருகிறார். அவற்றைப் பள்ளி உண்டாக்கவில்லை. எனவே பள்ளி பொறுப்பன்று என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். (நம் நாட்டிலும் கேட்டுப் பழகிய குரல்தான்.) 1974 ஜனவரி 21-இல் உச்ச நீதிமன்றம் இதனை ஒருமனதாக மறுத்தது. ஒரே பாடநூலும் ஒரே ஆசிரியரும் தருவதனாலேயே சமத்துவம் வந்துவிடாது என்றும், பள்ளி கற்பிக்க வேண்டிய மொழியையே பள்ளியில் நுழைவதற்கான தகுதியாக்குவது பொதுக் கல்வியைக் கேலிக்குரியதாக்கும் என்றும் நீதிபதி டக்ளஸ் எழுதினார்.

ஆனால் அவர் எந்தத் தீர்வையும் விதிக்கவில்லை. ஆங்கிலம் கற்பிப்பது ஒரு வழி, சீன மொழியில் பாடம் நடத்துவது மற்றொரு வழி, வேறு வழிகளும் இருக்கலாம் என்றதோடு நிறுத்திக்கொண்டார். அரசமைப்பின் சமத்துவப் பிரிவையும் அவர் தொடவில்லை. 1964-ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைகள் சட்டத்தின் ஆறாம் தலைப்பே போதும் என்றார். தனியே இசைவுக் கருத்து எழுதிய நீதிபதி பிளாக்மன், எண்ணிக்கையே இவ்வழக்கின் உயிர்நாடி என்றார். ஜெர்மனோ போலிஷோ மட்டும் பேசும் ஒற்றைக் குழந்தை வந்து நின்றால், இத்தீர்ப்பு அதற்கும் முடிவானது என்று அவர் கருதமாட்டாராம். கூட்டமாக வந்த மொழிக்கு ஒரு நியாயம், தனித்து வந்த மொழிக்கு வேறொன்று! என் பார்வையில் தீர்ப்பின் மிகப் பலவீனமான இடம் இதுவே.

பின்வந்த தேய்மானத்தை இந்த இடைவெளிகளே எளிதாக்கின. 1975-இல் கூட்டரசு வகுத்த, இருமொழிக் கல்விக்கு முதன்மை தந்த வழிகாட்டுதல்கள் சட்ட விதிகளாகும் முன்பே, 1981-இல் ரீகன் அரசு அம்முயற்சியைக் கைவிட்டது. 1998-இல் கலிபோர்னிய வாக்காளர்களே 227-ஆம் முன்மொழிவின் வழியாக இருமொழி வகுப்புகளைப் பெரிதும் முடக்கினர். 2016-இல்தான் அது மாறியது. தாக்கத்தில் மட்டும் பாகுபாடு இருப்பின், ஆறாம் தலைப்பின்கீழ்த் தனிநபர் வழக்குத் தொடுக்க இயலாது என்று 2001-இல் சாண்டோவல் தீர்ப்பு அறிவித்தது. 1974-ஆம் ஆண்டுச் சமக் கல்வி வாய்ப்புச் சட்டம் மட்டும் இன்னும் திறந்திருக்கிறது. 1968-இல் பிறந்த இருமொழிக் கல்விச் சட்டம் 2002-இல் மறைந்தபோது, அதனை நிர்வகித்த அலுவலகத்தின் பெயரிலிருந்தும் 'இருமொழி' என்ற சொல் நீங்கி, 'ஆங்கிலம்' என்ற சொல் அமர்ந்தது.