‘பேர்ட் ஃப்ளூ’: விசா சிக்கலில் இருந்து வந்த உறுமிச் சத்தம்

எம்.ஐ.ஏ. என்றாலே பலருக்கு ‘பேப்பர் பிளேன்ஸ்’தான் ஞாபகம் வரும். 2008-ல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4-ஆம் இடம் வரைக்கும் போன பாட்டு அது. இன்னைக்கு நாம பேசப்போறது அதுக்கு முன்னாடி, 2006 கடைசியில் வந்த ‘பேர்ட் ஃப்ளூ’ என்ற சிங்கிளைப் பற்றி.

மாதங்கி அருள்பிரகாசம் 1975-ல் லண்டனில் பிறந்தவர். கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர்ச் சூழலில் வளர்ந்து, நடுவில் கொஞ்ச காலம் சென்னையிலும் இருந்துவிட்டு, 1986-ல் அகதியாக லண்டன் திரும்பினார். 2005-ல் அப்பா பெயரில் ‘அருளர்’ ஆல்பம். அடுத்தது அம்மா பெயரில் ‘கலா’. அதை அமெரிக்காவில் பதிவு செய்யத்தான் திட்டம். ஆனால் விசா சிக்கல். அதனால் பல நாடுகள் சுற்றி வேலை செய்தார். அதில் ஒரு ஊர் சென்னை.

சென்னையில் அவர் பிடித்துக்கொண்டது உறுமி. இரண்டு பக்கமும் தோல் கட்டிய மேளம். ஒரு பக்கத்தில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்த்தால் மிருகம் உறுமுவது மாதிரி சத்தம் வரும், பெயர்க்காரணமும் அதுதான். ‘பேர்ட் ஃப்ளூ’வில் உறுமி பின்னணிக்கு வரவில்லை, அதுதான் பாட்டையே இழுத்துக்கிட்டுப் போகுது. கூடவே கோழிச் சத்தம், குழந்தைகள் குரல், 2003-ல் வந்த ‘ஜெயம்’ படப் பாட்டில் இருந்து எடுத்த ஒரு துண்டு. வீடியோ ராமேஸ்வரத்தில் எடுத்தது.

இப்போ எங்க ஊர்ப் பக்கம் வாங்க. வில்லியனூர், பாகூர் கிராமங்களில் உறுமியைவிட பம்பை, உடுக்கை, பறை அதிகம். ஆடி மாசம் அம்மன் கோயில்களில் பம்பை இல்லாமல் சாமி வராது. ஆனால் வாசிப்பவருக்கான மரியாதை? பறையை ‘சாவு மேளம்’ என்று ஒதுக்கிய பழக்கத்துக்குப் பின்னால் சாதி இருக்கு, அதை மறைக்க வேண்டாம். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரை பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வடம் பிடித்து இழுத்ததை ஊரே பெருமையாகச் சொல்லும். இன்னைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். தேருக்கு முன்னால் மேளம் வாசித்துக்கொண்டு போனவர் யார்னு கேட்டால் பதில் வராது.

‘பேர்ட் ஃப்ளூ’விலும் அதே கதைதான். ‘ஜெயம்’ பாட்டில் இருந்து துண்டு எடுத்ததற்கு காப்புரிமைச் சட்டம் இருக்கு. அதனால் இசையமைப்பாளர் ஆர்.பி. பட்நாயக் பெயர் பதிவாகிறது. கையால் வாசிக்கும் தாளத்துக்கு அந்தச் சட்டத்தில் அவ்வளவு இடமில்லை. மெட்டுக்கு முதலாளி உண்டு, அடிக்கு கூலி மட்டும்தான். நான் கோடு எழுதுறவன். எங்க வேலையில் ஒரே ஒரு வரி மாற்றினாலும் யார், எப்போ மாற்றினாங்கன்னு பெயரோடு பதிவாகும். தலைமுறை தலைமுறையாகக் கையிலேயே வந்த ஒரு தாளத்துக்கு அந்த வசதி கிடையாது.

இதுக்காக எம்.ஐ.ஏ.வைக் குறை சொல்ல முடியாது. நம்ம ஊர் சபா மேடைகள் பெரும்பாலும் ஏற்றாத கருவியை லண்டன் பாப் சிங்கிளின் நடுவில் வைத்தவர் அவர். மிச்ச வேலை நம்மிடம் இருக்கு. அடுத்த திருவிழாவில் பம்பைக்காரரை வீடியோ எடுத்து ரீல்ஸ் போடுவீங்கல்ல? அவர்கிட்ட போய்ப் பெயரைக் கேட்டு, அதையும் சேர்த்துப் போடுங்க.