தரங்கம்பாடி முதல் கரிசல் காடு வரை: ஈயினங்களை அறியும் முறையில் ஒளிப்படத்தின் இடம்

பாலவனத்தம், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிக் கரிசல் நிலங்களில், சோளமும் கம்பும் குதிரைவாலியும் இளம்பயிராக நிற்கும்போதே நடுக்குருத்தை வாடச் செய்யும் குருத்து ஈயும், அசுவினியைத் தின்று பயிர் காக்கும் புழுக்களை உடைய சிர்பிட் ஈயும், ஓரிணை இறக்கையே கொண்ட பூச்சிகளின் வரிசையான டிப்டெராவைச் சேர்ந்தவை. ஆர்வலர் ஒருவர் எடுத்த தெளிவான படத்திலிருந்து இவற்றுள் பின்னதன் பெயரைப் பெரும்பாலும் சொல்லிவிட முடிகிறது. முன்னதன் பெயரைப் பேரினம் வரை மட்டுமே சொல்ல முடிகிறது. இவ்வேறுபாட்டின் காரணம், ஈயின் எந்த உறுப்பு சான்றாக ஏற்கப்பட்டது என்னும் இரு நூற்றாண்டு வரலாற்றில் உள்ளது.

சான்றுறுப்பு மாறிய வரலாறு

லின்னேயசின் மாணவரான ஃபாப்ரிசியஸ், ஈக்களுக்கென்றே 1805இல் வெளியிட்ட நூலில், டேனியர் குடியேற்றமாகிய தரங்கம்பாடியிலிருந்து சென்ற மாதிரிகளுக்கும் பெயரிட்டார். தமிழக வயல்களில் இன்றும் பரவலாகக் காணப்படும் இஸ்கியோடன் ஸ்கூடெல்லாரிஸ் என்னும் சிர்பிட் ஈ அவற்றுள் ஒன்று. அவர் வகைப்பாட்டிற்கு அடிப்படையாகக் கொண்டது வாயுறுப்பு. அவருக்குப் பின் மைகன் உணர்கொம்பையும் இறக்கை நரம்புகளையும் முதன்மைப்படுத்தினார். 1880களில் ஆஸ்டன் சாக்கன், உடலிலுள்ள முள்மயிர்களின் இருப்பிடத்தையும் எண்ணிக்கையையும் கொண்டு இனம் பிரிக்கும் முறையை வகுத்தார்.

இசைக்கலைஞராக இருந்து பூச்சியியலில் ஈடுபட்ட புருனெட்டி, பிரித்தானிய இந்திய விலங்கினத் தொகுதிக்காக 1912, 1920, 1923 ஆகிய ஆண்டுகளில் எழுதிய மூன்று நூல்கள் இந்திய ஈக்களுக்கு முதல் விரிவான வழிகாட்டியாயின. பின்னர், காரைக்காலை அடுத்த குரும்பகரத்திலும் கோயம்புத்தூரிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் சூசைநாதன் என்பவர் சேகரித்த மாதிரிகள் உலக அருங்காட்சியகங்களைச் சென்றடைந்தன. நெடுங்கால் கொண்ட கிரேன் ஈக்களில் பல புதிய இனங்களை அமெரிக்க அறிஞர் அலெக்சாண்டர் அவற்றிலிருந்து விவரித்தார்.

இருபதாம் நூற்றாண்டில் ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பு தலைமைச் சான்றானது. 1871இல் ரொண்டானி பெயரிட்ட சோளக் குருத்து ஈயாகிய அதெரிகோனா சொக்காட்டாவும், கம்பைத் தாக்கும் அதெரிகோனா அப்ராக்சிமாட்டாவும், குதிரைவாலியைத் தாக்கும் அதெரிகோனா ஃபால்காட்டாவும் வெளித்தோற்றத்தில் பெரிதும் ஒத்திருப்பதால், ஆண் ஈயின் வயிற்று நுனியிலுள்ள மூவிதழ் போன்ற அமைப்பை உருப்பெருக்கியில் கண்டே அவை பிரித்தறியப்படுகின்றன.

ஒளிப்படம் சேர்த்ததும் சேர்க்காததும்

எண்மக் கேமரா பரவியபின், 2008இல் தொடங்கப்பட்ட ஐநேச்சுரலிஸ்ட், இந்தியப் பல்லுயிர் வலைவாசல் ஆகிய இணையத்தளங்கள் ஆர்வலர் படங்களை இடமும் நாளும் குறித்துத் தொகுக்க வழிசெய்தன. ஐநேச்சுரலிஸ்ட் 2017 முதல் கணினியே பெயரை முன்மொழியும் வசதியையும் அளித்தது. இம்முறை, முன்பே பெயரிடப்பட்ட படங்களிலிருந்து கற்பதால், அவற்றிலுள்ள பிழையான பெயர்கள் மேலும் பல படங்களுக்குப் பரவும் வாய்ப்பு உண்டு.

மறுபுறம், ஊசியில் குத்தி உலர்த்திய மாதிரி இழந்துவிடுவதைப் படம் காத்துத் தருகிறது. குதிரை ஈக்களின் கண்களில் உயிருடன் இருக்கும்போது ஒளிரும் வண்ணப் பட்டைகள் உலர்ந்தபின் மங்கிவிடுகின்றன. அமரும் நிலை, நாடும் மலர், முட்டையிடும் இலை ஆகியவையும் படத்திலேயே பதிவாகின்றன. சிர்பிட் ஈயின் இறக்கையில் வேறு எந்த நரம்போடும் இணையாமல் ஓடும் பொய் நரம்பு, நல்ல படத்தில் தெரிந்தால் குடும்பமே உறுதிப்பட்டுவிடும்.

படத்தின் எல்லை குறித்த விவாதம் 2015இல் உச்சமடைந்தது. தென்னாப்பிரிக்காவில் எடுக்கப்பட்ட படங்களை மட்டும் கொண்டு, மாதிரி எதையும் பாதுகாக்காமல், பூச்சியியலாளர்களான மார்ஷலும் எவன்ஹூயிசும் மார்லிமையா சைலோகோப்பே என்னும் வண்டு ஈ இனத்தை அறிவித்தனர். மறு ஆண்டு 493 வகைப்பாட்டியலாளர் கூட்டாகக் கையெழுத்திட்டு இப்போக்கை எதிர்த்தனர். பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் ஆணையம் 2017இல் இதனைத் தடைசெய்யாமல், மாதிரி இல்லாமல் பெயரிடுவோர் அதற்கான காரணத்தை விளக்க வேண்டும் என்பது உள்ளிட்ட பரிந்துரைகளை விதித்தொகுப்பில் சேர்த்தது.

கரிசல் நிலத்திற்குரிய முடிவு

ஆகவே, கரிசல் வட்டாரத்தில் குருத்து ஈயைப் படமெடுப்போர், மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் முகத்தை நோக்கியும் எடுத்த படங்களோடு பயிரின் பெயரையும் அதன் வயதையும் ஊரையும் நாளையும் பதிவதும், வாடிய குருத்திலுள்ள புழுவை வளர்த்து வெளிவரும் ஆண் ஈக்களை எரிசாராயத்தில் பாதுகாப்பதும் இன்றியமையாதவை. சிறுதானியங்கள் மீண்டும் மதிப்புப் பெற்றுவரும் காலத்தில், எந்தப் பயிரை எந்த ஈ தாக்குகிறது என்பதை ஊர்தோறும் அறிய ஆய்வு நிலையங்களின் பணி மட்டும் போதாது. உழவரும் ஆர்வலரும் சேர்க்கும் பதிவுகள் அங்கே பெரும் துணையாகும். படம் காட்டாத உறுப்பைக் கொண்டு பிரிக்க வேண்டிய இனத்திற்குப் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதும் முழுமையான அறிவியல் விடையே. அவ்வாறு நிறுத்திய பதிவைப் பின்வருவோர் மாதிரியோடு ஒப்பிட்டு நிறைவு செய்யலாம், துணிந்து இட்ட பிழையான இனப்பெயரையோ முதலில் கண்டுபிடித்து நீக்க வேண்டியிருக்கும்.